வீரவர்மனின் கட்டுச்சோறு

ஊர் எல்லையைத் தாண்ட வீரவர்மனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. காரணம், கையில் கட்டுச்சோறு இல்லை.

வீரவர்மன் வாழ்வது காகிதத்தில். அவனைப் பெற்றெடுத்தவர் முத்துகிருஷ்ணன், ஐம்பத்தாறு வயது, நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பவர். உத்திரமேரூர் கடைத்தெருவில், மஹபூப் பாஷாவின் பெயின்ட் கடை மாடியில், ஞாயிறுதோறும் நாலு பேர் கூடிப் பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷமாகக் கதைக்குள் புகுந்துவிடுவார்கள். கதையை நடத்துபவள் பாஷாவின் மகள் ஷாஹீதா. அவள் சொன்னால் மழை, அவள் சொன்னால் பூதம்.

"மலைக்கோட்டைக்கு ஏழு நாள் நடக்கணும் அங்கிள். கெட்டுப்போவாத சாப்பாடு இன்னா எடுத்துக்கினு போறீங்கன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்."

எழுதினால் போதுமாம்! முப்பது வருஷத்தில் சாம்பிள் பார்க்காமல் ஒரு மூட்டையை உள்ளே விட்டிருப்பாரா மனிதர்?

"கண்ணால பாக்காம எப்படிம்மா பாஸ் போடுவே? அடுத்த வாரம் சாம்பிள் எடுத்தாறேன்!"

கோட்டைப் பூதத்தை வீரவர்மன் கையால்தான் வெட்ட வேண்டும். வாழ்நாளில் கொசுவைக்கூடக் குறிபார்த்து அடித்திராத முத்துகிருஷ்ணனுக்கு அது மானப் பிரச்சினை.

முதல் வாரம், பொருவிளங்காய் உருண்டை. கை தவறிய ஒன்று படியில் உருண்டு போய், கீழே பாஷாவின் இருபது லிட்டர் பெயின்ட் டின்னை ஒடுக்கியது. ஷாஹீதா நாலு தின்றாள். இன்னொரு ஆட்டக்காரன் அரவிந்தன் ஏழு.

"கடிச்சா பல்லு பூடும் அங்கிள். பொக்க வாயி வீரன பாத்து பூதம் சிரிக்காது? ரிஜெக்ட். நீங்க வூட்டுக்குப் போயி வேற யோசிங்க. அதுவரைக்கும் வீரவர்மன் எல்லையிலயே நிக்கட்டும்."

அடுத்தது உப்புக்கண்டம். மொட்டை மாடியில் கறியைக் காயவைத்து, ஹெல்மெட்டும் குடையுமாக மூன்று நாள் காவல் நின்றார். காவாந்தண்டலம் வரைக்கும் உள்ள காக்கைகள் சொந்தபந்தத்தோடு வந்துவிட்டன.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வாய் காபி போட்டுத் தந்தது இல்ல," என்றாள் மனைவி எல்லம்மாள். "காயிதத்துல கீறவனுக்கு கறி காய வெச்சிக்கினு கீறியே, வெக்கமா இல்ல?"

ஞாயிறன்று கடை மாடியில் அரவிந்தன் விரலை நக்கியபடி யோசித்தான். "இந்த வாசனைக்கு ஓநாய் வரும் அங்கிள்."

"வறுத்து எடுத்தாந்தா வராது," என்றாள் நாலாவது ஆளான திவ்யா.

வறுத்துக் கொண்டுபோனார். ஓநாய் போய்ப் புலி வருமாம். மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட காஞ்சிபுரம் இட்லி கொண்டுபோனார். பன்னிரண்டு இட்லி உள்ளே போனபின் ஷாஹீதா உதட்டைப் பிதுக்கினாள்.

"ஈரப்பதம் ஜாஸ்தி அங்கிள்."

முத்துகிருஷ்ணன் தலைகுனிந்தார். அந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

ஐந்தாவது வாரம் நெத்திலித் தொக்கும் திரும்பிவந்தது. வெறும் தூக்குச்சட்டி மட்டும்தான் திரும்பிவந்தது. எல்லம்மாளுக்கே ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நவுரு! நான் செஞ்சத எவ தள்ளுறான்னு பாக்கறேன்!"

ஆறாவது ஞாயிறு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கின அதிரசம், முறுக்கு, எள்ளுருண்டை, எலுமிச்சை ஊறுகாய், ஒரு குண்டான் புளிச்சோறு. மாடியில் அரைமணி நேரம் மெல்லும் சத்தம்தான்.

"இப்பவாவது எல்லைய தாண்டட்டுமா?" காலிக் குண்டானைக் கவிழ்த்துக் காட்டினார் முத்துகிருஷ்ணன்.

ஷாஹீதா ஏப்பத்தை அடக்கிக்கொண்டாள். "நல்லாத்தான் கீது... ஆனா ஆத்துல வெள்ளம் வந்தா அதிரசம் நனையுமே அங்கிள்?"

அப்போது தட்டோடு படியேறி வந்தார் மஹபூப் பாஷா. ஓர் அதிரசத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி ரசித்து, முத்துகிருஷ்ணனின் தோளில் ஆதரவாகத் தட்டினார்.

"அந்தப் பூதத்த இதுங்களே வெட்டி, ஆட்டத்த முடிச்சி ஒரு மாசம் ஆவுது சார்; உங்க தூக்கு படியேறுற சத்தம் கேட்டாத்தான் இதுங்க பகடையவே வெளிய எடுக்குதுங்க!"