அரைஞாண் கயிற்றில் ஒரு பென் டிரைவ்

பூட்டு வாங்குகிறவனைத்தான் வீடு முதலில் சந்தேகப்படும். பெரம்பலூரில் என் வீட்டு முன்னறையிலேயே டைப்பிங் சென்டர் நடத்திய காலத்தில் இதைக் கற்றுக்கொண்டேன்.

2006 என்று ஞாபகம். ஒரு பள்ளிக்கூடத்தின் அரையாண்டு வினாத்தாள்களை அடித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. வெளியே கசிந்தால் போலீசுக்குப் போவேன் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு எல்லோருமே திருடர்களாகத் தெரிந்தார்கள், பால்காரர் உட்பட. (அவர் கம்ப்யூட்டரை டிவி என்றே நினைத்திருந்தார்.)

லப்பைக்குடிக்காட்டு நண்பன் ஜாபர் துபாயிலிருந்து ஒரு பென் டிரைவ் கொண்டுவந்து கொடுத்தான். பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். பத்து முறை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதை அதுவே அழித்துவிடும். வினாத்தாள்களை அதில் ஏற்றினேன், கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன், அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

இடுப்பில் என்ன என்று மனைவி மல்லிகா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். (கல்யாணமானவன் சொல்லவே கூடாத வார்த்தை.)

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க, அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். சோறு வடிக்கிறவள் அவள்தான் என்பது அப்போது தோன்றவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பென் டிரைவ் காலியாகியிருந்தது.

"என் பேரப் போட்டேன், தொறக்கல. புள்ள பேரு, உங்கம்மா பேரு, குலசாமி பேரு, தெருவுல இருக்கவ பேரெல்லாம் போட்டாச்சு, எதுக்கும் தொறக்கல. யாருங்க அவ?"

திங்கட்கிழமை பரீட்சை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"தைலம்மை" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மா பேரா?"

மாமியார் பெயரை நான் வைப்பேன் என்று உலகத்தில் ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று விளக்கினேன். அதை அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்ட, கையால் எழுதிய வினாத்தாள்களை மறுபடி கேட்டு தலைமையாசிரியர் வீட்டுக்கு ஓடினேன். வித்துட்டியா என்றுதான் அவர் முதலில் கேட்டார். தாள்களோடு ஒரு வாத்தியாரையும் காவலுக்கு அனுப்பினார். மல்லிகா வாசிக்க, நான் அடிக்க, வாத்தியார் எங்கள் இருவரையும் முறைக்க, ஞாயிறு சாயங்காலம் வேலை முடிந்தது. அந்தப் பள்ளிக்கூடம் பிறகு என்னைக் கூப்பிடவேயில்லை.

பாடாலூரில் இருந்த மாமியாருக்குப் பாதிக்கதைதான் போய்ச் சேர்ந்தது: மாமியார் பெயரை மாப்பிள்ளை அவ்வளவு ரகசியமாகப் பாதுகாத்தார் என்று. இன்றைக்கும் அங்கே போனால் கறிக்குழம்பில் ஈரல் முழுதும் என் இலைக்குத்தான். மச்சான்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலோ, பீரோ கதவு இறுகிக்கொண்டால்கூட மகள் நிதானமாகச் சொல்வாள்:

"அம்மாயி பேரச் சொல்லிப் பாருங்கப்பா."