மலைச்சரிவில் என் பெருவிரல்

சில பேருக்குப் பிழை செய்த பிறகு பயம் வரும். எனக்குப் பயம் முதலில் வந்துவிடும். அதற்குப் பொருத்தமான பிழையைப் பிறகு நானே தேடிப் பிடிப்பேன்.

எழுபதுகளில், மெல்பேர்ணில், ஓர் ஓவியக் காட்சிச்சாலையில் காவலாளாகச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, டண்டினொங் தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கிலிருந்து கிடைத்த விடுதலை அது. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் மனைவி பரமேஸ்வரி, நான் ‘கலைத்துறையில்’ இருப்பதாகத் தெரிந்த சனத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஜப்பானியப் படங்களின் கண்காட்சி திறக்கும் நாள் காலை, பதற்றத்தில் சப்பாத்தைத் திரும்பத் திரும்ப மினுக்கிக்கொண்டிருந்தேன்.

“இஞ்சருங்கோ, உங்கட சப்பாத்தைப் பாக்கவே சனம் வருகுது?” என்றாள் பரமேஸ்வரி.

“காவல்காரன்ர மூஞ்சையை ஆர் பாக்கிறது? காலைத்தான் பாப்பினம்.”

காட்சிச்சாலையில் ஒரு நீளச் சுருள்படத்தை மாட்டும்போது அதன் கீழ்ப்பக்கத்து அடிக்கட்டையைப் பிடிக்கச் சொன்னார்கள். “கட்டையை மட்டும். தாளில் விரல் படக்கூடாது,” என்றார் பொறுப்பாளர் மிஸிஸ் டோசன். படவில்லை என்றுதான் நினைத்தேன்.

எல்லாரும் போன பிறகு படத்தைப் பார்த்தேன். கறுப்பு மையில் மலை, மூங்கில், மூடுபனி, ஒரு குடிசை. மலைச்சரிவில் ஒரு பெருவிரல் அடையாளம்.

என் பெருவிரலைப் பார்த்தேன். ரேகையெல்லாம் சப்பாத்துப் பொலிஷ். அடுத்தது, ரேகை சங்கா, சக்கரமா என்று பார்த்தேன். (எங்கட ஆக்களுக்கு ஆளைப் பிடிக்க இது காணும், பொலிஸ் தேவையில்லை.) என் விரலில் சுழன்ற ரேகை, சக்கரம். மலையிலும் சக்கரம்.

சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியை எச்சிலில் நனைத்துக்கொண்டு, படத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினேன். தாளுக்கும் அதற்கும் நூலளவு இடைவெளி இருக்கும்போது காலடிச் சத்தம். மிஸிஸ் டோசன், ஜப்பானிலிருந்து வந்த பேராசிரியர், பின்னால் விருந்தாளிகள். ஒரே பாய்ச்சலில் இந்தப் பக்கம் வந்து, மலையை முதுகால் மறைத்து நின்றேன்.

பேராசிரியர் தலை குனிந்தார். விலகச் சொல்கிறார் என்று விளங்கியது. விளங்காதவன் போல நானும் குனிந்தேன். அவர் இன்னும் தாழக் குனிந்தார். நான் அதைவிடத் தாழ. (விட்டிருந்தால் இரண்டு பேரும் நிலத்தில் படுத்திருப்போம்.) நான் குனிந்த குனிவில் என் முதுகுக்கு மேலால் மலை தெரிந்துவிட்டது. அவர் உருப்பெருக்கியை எடுத்து நேரே அந்த அடையாளத்துக்குப் போனார்.

“ஐயா, அது நான்தான். சப்பாத்துப் பொலிஷ்,” என்று பெருவிரலை நீட்டினேன்.

மிஸிஸ் டோசனின் முகம் வெளிறியது. “கையில் என்ன?”

“கைலேஞ்சி.”

“ஏன் ஈரமாக இருக்கிறது?”

ஈரம் உள்ளே போகும்படி கைலேஞ்சியை நாலாக மடித்தேன்.

பேராசிரியர் என் விரலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். மனதால் நான் டண்டினொங் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

“இவர் சொல்வது சரியென்றால் இவருக்கு இருநூறு வயது,” என்றார்.

பிறகு விளக்கினார். ஓவியர் தூரிகையை வைத்துவிட்டு, மை தொட்ட விரலாலும் நகத்தாலும் கீறிய மலையாம், அந்த அடையாளமும் அவருடையதுதானாம். படித்தவர்கள் பிழைப்புக்கு இல்லாமல், சிநேகிதருக்காகக் கவிதை எழுதுவதுபோல் படமும் கீறுவது சீனத்துப் பழக்கம், ஜப்பான்காரர் அங்கிருந்து பிடித்துக்கொண்டதாம். அந்தக் காலத்தில் ஜப்பானை விட்டு யாரும் வெளியே போகமுடியாது. கப்பலில் வந்த அச்சுப் புத்தகங்களைப் பார்த்தே, காணாத சீன மலைகளைக் கீறினார்களாம். எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். மிஸிஸ் டோசன் மட்டும் என் கைலேஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை போகவில்லை. நிரந்தரமும் ஆக்கினார்கள், குடையும் கோட்டும் வாங்கி வைக்கும் இடத்தில். ஓய்வு பெறும்வரை ஒரு படத்துக்குக் கிட்டவும் என்னை விடவில்லை.

இப்போது வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் சொக்லேட் விரல் பதிந்திருந்தால், “ஆர் பிள்ளை இது?” என்று பரமேஸ்வரி கேட்பாள். “ஜப்பான்காரர், அப்பம்மா,” என்பாள் பேத்தி, வாயெல்லாம் சொக்லேட்டோடு. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், என் பெருவிரலை ஒருதரம் பார்த்துக்கொண்ட பிறகு.