பொட்டு வைத்த ஜீப்பும் பெண் பார்க்கப் போன நானும்

எனக்கு இஞ்சின் தெரியாது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. அப்போது அவள் என் மனைவி இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், முதல் தேத்தண்ணிக்கும் இரண்டாவது தேத்தண்ணிக்கும் நடுவில் கண்டுபிடித்துவிட்டாள்.

எழுபதுகளின் நடுவில் பதுளை டவுனில் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷ அனுபவம். (அதுல ஒரு வருஷம் டயர் கழட்டினது.) ஆனால் அம்மா பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பியதோ, "மகன் பெரிய மெக்கானிக்கு" என்று. நான் மறுக்கவில்லை. பெற்ற தாயை எதிர்த்துப் பேசக்கூடாதே.

பெண் வீடு பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில். பெண்ணின் பெயர் புஷ்பா; அவள் அப்பா தோட்டத்து மேனேஜரான தொரையின் ஜீப் டிரைவர். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூசை முடிந்து நாலாவது நாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்துக்கு முன்னால் அந்தப் பழைய ஜீப் வாடிய மாலையோடு நின்றது.

புஷ்பா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் நிமிர்வதற்குள் உள்ளே போய்விட்டாள். பார்த்தது கண்ணாடி வளையல் போட்ட ஒரு கையை மட்டும்தான். அதுவே போதும், கட்டினால் இந்தக் கையைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"தம்பி மெக்கானிக்குன்னாங்க," என்றார் அவள் அப்பா. "பூசை போட்டதுலருந்து நம்ம ஜீப்பு ஒரே கரும்பொகைங்க. மேட்டுல இழுக்க மாட்டேங்குது. பெற்றோல தண்ணியாட்டம் குடிக்குது. கொஞ்சம் பாத்துருங்களேன். மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்குவோம்."

மற்றது என்றால் கல்யாணம். அம்மா என் முதுகில் விரலால் குத்தினாள்.

பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பெற்றோல் கூடினாலும் இஞ்சின் கரும்புகை விடும், காற்றுக் குறைந்தாலும் கரும்புகை விடும். நான் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பெண் பார்க்க வந்திருந்தேன்.

"பெற்றோல் கூடிப்போச்சு மாமா. காப்ரேட்டர்லதான் கோளாறு," என்றேன். (அதுக்குள்ள மாமாவாம்.)

இஞ்சினுக்குப் பக்கத்தில் காற்று இழுக்கும் பெரிய டப்பா. அதன் வாயில் சிவப்புத் துணி கட்டி, சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. சாமித் துணி. கரிக் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

டப்பாவிலிருந்து, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒதுக்கினேன். கார்புரேட்டரைப் பிரித்து, ஊதி, கழுவிப் பூட்டினேன். ஸ்டார்ட் பண்ணினால் பட்டு மாதிரி ஓடியது. புகையே இல்லை. லயமே கூடி நின்று பார்த்தது. அம்மா முகத்தில் பேரப்பிள்ளைகளே தெரிந்தார்கள்.

பிறகு குழாயை மாட்டினேன். ஜீப் இருமி, கரும்புகையைக் கக்கியது.

மறுபடி கழற்றினேன், ஓடியது. மாட்டினேன், புகைந்தது. இப்படி மூன்று தடவை. இதற்குமேல் அந்த ஜீப் எப்படித்தான் சொல்லும்? வாய் இருந்தால் என் காதைப் பிடித்துத் திருகிச் சொல்லியிருக்கும். நானோ மறுபடியும் கார்புரேட்டரைப் பிரித்தேன்.

"மாப்புள்ள வர்றப்ப வெள்ளச் சட்டையில வந்தாரு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "போறப்ப கங்காணியோட கறுப்புக் கோட்டுல போவாரு போல."

அப்போதுதான் புஷ்பா இரண்டாவது தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை என்னிடம் தரவில்லை. ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அந்தத் துணிய இன்னும் அவுக்கலயா?"

"எந்தத் துணிய?"

"பூசைக்கு வண்டி கழுவறப்ப டப்பாவுக்குள்ள தண்ணி போயிரும்னு நான்தானே கட்டுனேன்."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ சாமிக்குக் கட்டியிருக்கன்னுல்ல நெனச்சேன். பொட்டு வச்சு, கற்பூரமும் காட்டிட்டேனே."

"நானும் கும்பிட்டேன் மாமா," என்றேன். வேறு என்ன சொல்ல.

அவளே முடிச்சை அவிழ்த்தாள். ஜீப் புகையில்லாமல் ஓடியது. நான்கு நாளாக மூச்சுக்குத் தவித்த வண்டியின் மூக்கைத்தான் நாங்கள் எல்லோரும் பக்தியோடு பொத்தி வைத்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் கரிச் சட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். அதன்பிறகு, "டயர் கழட்டுறவன்னே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

அடுத்த வாரம் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். அம்மா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

கல்யாணமாகிப் பல மாதம் கழித்துத்தான் கேட்கத் துணிந்தேன். "அன்னிக்கு அவ்வளவு கூத்துக்கு அப்பறமும் எப்பிடி சரின்னு சொன்ன?"

புஷ்பா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "சாமித் துணின்னு நெனச்சு கைய மூணு தரம் தொடச்சிட்டுத் தொட்டீங்க. ஜன்னல் வழியா பாத்தேன். வேல தெரியாட்டி என்ன, பழகிக்கலாம்."

வேலை பழகிவிட்டேன். கை துடைக்கும் பழக்கமும் போகவில்லை. இன்றைக்கும் ரேடியோவோ தையல் மெஷினோ மக்கர் பண்ணி, நான் முன்னால் உட்கார்ந்து கையைத் துடைக்கத் தொடங்கினால் போதும். எங்கள் மூத்த மகள், புஷ்பா சமைக்கும் குசினிப் பக்கம் திரும்பிச் சொல்வாள்:

"அம்மா, அப்பா கை தொடைக்கிறாரு. தேத்தண்ணியோட நீங்களே வந்துருங்க."