குடுவைக்காரர் வீட்டு விருந்து

நம்மிடையே குடுவைக்காரர் என்றோர் இனம் உண்டு. சீனத்துப் பழைய மண் தேநீர்க் குடுவைகளைத் தேடித் தேடி வாங்குவார். மூங்கில் கணுவைப் போல மூக்கு, தாமரை இலையைப் போல மூடி, மூடியின் மேல் சாவகாசமாக ஒரு தவளை என்று வீடு முழுக்க அடுக்குவார். வந்தவரை நிற்க வைத்து ஒவ்வொன்றின் வயதையும் சொல்லுவார். நாம் கொட்டாவி விட்டால் அதை வியப்பு என்று எடுத்துக்கொள்வார். அதில் டீ போடுவாரா? மூச்! டீ வேண்டுமென்றால் தெருமுனைக் கடைக்குத்தான் போக வேண்டும்.

சங்கரன்கோவிலில் நைட்டி மொத்த வியாபாரம் செய்யும் சிஹாபுதீன் இந்த இனத்தின் தலைமகன். போன மாதம் அவர் மகள் ஹஸ்னா பானுவுக்குச் சம்பந்தம் பேசப் புளியங்குடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அருமையான இடம். மனைவி ஆபிதா பானு காலையிலேயே எச்சரித்துவிட்டாள்: "இன்னைக்கு மட்டும் அந்தத் தவளைக் கதைய எடுக்காதீய." நாக்கு துறுதுறுத்தும் மனிதர் அடக்கிக்கொண்டார்.

பிரியாணி முடிந்தது. விருந்தாளியை எழுந்திருக்க விடாமல், உட்கார்ந்த இடத்திலேயே கெண்டியால் தண்ணீர் ஊற்றிக் கை கழுவ வைப்பது அந்த வீட்டு மரியாதை. கெண்டியோ அடுப்படியில். மாப்பிள்ளையின் தகப்பனார் மம்மது பக்கத்து அலமாரியைப் பார்த்தார். மூக்கு இருந்தது, பிடி இருந்தது. வேறென்ன வேண்டும்?

"அந்தா இருக்குல்லா கெண்டி, எடும் சம்பந்தி" என்று எச்சில் கையை நீட்டிவிட்டார்.

சிஹாபுதீன் பாய்ந்துபோய்த் தவளைக் குடுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இது கை கழுவுததுக்கு இல்ல! முந்நூறு வருசத்துப் பொருளாக்கும்!"

"முந்நூறு வருசமா சும்மாவா வச்சிருக்கீரு?"

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. மம்மதின் முகம் சுருங்க, அவருடைய மூத்த மகன் செருப்பைத் தேட ஆரம்பித்தான். மகளா, தவளையா? சிஹாபுதீன் யோசித்தார் பாருங்கள், அதுதான் இந்த இனத்தின் லட்சணம்! ஆபிதா பானு யோசிக்கவில்லை. குடுவையைப் பிடுங்கினாள், குடத்தில் முக்கினாள், ஊற்றினாள்.

மம்மது மலர்ந்துவிட்டார். "நல்லா விழுதுவே தண்ணி! கலியாணப் பந்திக்கு இதே மாதிரி ஒரு டஜன் வாங்கிப் போட்டுரும்." அங்கேயே நாளும் குறித்தார்கள். சிஹாபுதீன் தேம்பித் தேம்பி அழுதார். பெண்ணைப் பெற்றவர் அல்லவா என்று எல்லோரும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சிரித்தாயிற்றா? இனி உங்கள் வீட்டு ஷோகேஸைத் திறங்கள். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த, ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத அந்தக் கண்ணாடிக் கோப்பை செட்டில், நாளைக்கு நான் வந்தால் ஒரு வாய் தண்ணீராவது தருவீர்களா? எவர்சில்வர் டம்ளர்தானே? தெரியும்.