ஆடிப் பதினெட்டில் ஒரு கைதட்டல்

நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் அதன் பாசத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். குட்டியாக இருந்தபோது வீட்டைத் துடைத்தது யார் என்று ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் துடைத்தவள் நான். (புது மருமகள் இருக்கும்போது வேறு யார் துடைப்பார்கள்?)

2005 வாக்கில் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குக் கல்யாணமாகி வந்தேன். மாமனாருக்குக் காலண்டர் அச்சகம். கீழே பிரஸ், மாடியில் வீடு. பெண் பார்க்க வந்தபோதே எங்கள் அப்பா, "பிள்ளை டி.டி.பி. படிச்சிருக்கு, கம்ப்யூட்டர்ல படமெல்லாம் போடும்" என்று பெருமையடித்தார். "அப்பச் சரி, நம்ம பிரஸ்ஸுலயே உக்காரட்டும்" என்று மாமனாரும் தலையாட்டினார். வந்த பிறகு நான் உட்கார்ந்த ஒரே இடம் அடுப்படி. பிரஸ்ஸில் டிசைன் வேலை முழுக்க என் கொழுந்தன் சரவணன் கையில் இருந்தது. அவனுக்குத் தெரிந்த டிசைன், போன வருஷத்து லட்சுமிக்குச் சேலை நிறத்தை மாற்றுவது.

என் முகம் தொங்கிக் கிடப்பது என் வீட்டுக்காரருக்கும் தெரிந்தது. எனக்காகத் தன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுவதைவிட ஒரு நாயை வாங்கித் தருவது சுலபம் என்று அவர் முடிவெடுத்தார். மதுரைக்குப் போய் ஒரு பொமரேனியன் குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று கைக்குள் அடங்குகிற அளவுதான். பொரி என்று பெயர் வைத்தேன்.

குட்டியை விற்றவர் ஒரு பாடமும் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மூலையில் பேப்பரை விரித்துப் போட வேண்டும். குட்டி அதில் ஒண்ணுக்குப் போனால் அந்த நிமிஷமே கையைத் தட்டிக் கொஞ்ச வேண்டும். வேறு எங்கே போனாலும் திட்டக் கூடாது.

மாமியார் குதித்தார். "நமக்குச் சோறு போடுறதே பேப்பருதான். அதுல போயி நாய ஒண்ணுக்கு இருக்கச் சொல்லுறியேத்தா, வெளங்குமா?" எங்கள் வீட்டில் காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். (பிரஸ்ஸுக்கு மேலே குடியிருப்பவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒற்றுவது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.) கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். சாமி படம் உள்ள ஷீட்டைத் தொடக் கூடாது. கலர் பிசகிக் கழித்துப்போட்ட மலை, அருவி, பூச்செடி ஷீட்டுகளை வேண்டுமானால் ஹாலின் வடக்கு மூலையில் போட்டுக்கொள்ளலாம்.

பொரி அந்த அருவிகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஷீட்டுக்கு அரையடி தள்ளிப் போனது. மாமியாரின் பாயில் போனது. சரவணனின் ஷூவுக்குள் போனது. (இதற்கு மட்டும் நான் மனதுக்குள் கொஞ்சினேன்.) ஷீட்டில் தூக்கி உட்கார வைத்தால் அதைக் கடித்துக் கிழித்துவிட்டு, இறங்கி வந்து என் காலடியில் போனது. நானும் விடவில்லை. எப்போதாவது ஒரு பின்னங்கால் ஷீட்டில் பட்டிருந்தால்கூடக் கைதட்டினேன். தூக்கத்தில் நான் கைதட்டுவதாக என் வீட்டுக்காரர் புகார் சொல்லும் அளவுக்கு அது பழகிப்போனது.

இதற்கு நடுவில், சரவணன் மத்தியானம் தூங்குகிற நேரமாகப் பார்த்து, கீழே போய் அவன் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்தேன். தக்காளிக் கூடையோடு வெயிலில் சிரிக்கிற ஒரு சந்தைக்காரி. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல காரியம் அது என்று இப்போதும் சொல்வேன். மாமனார் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமி இல்லையேத்தா. எவன் வாங்குவான்?"

"வச்சுப் பாப்போமே மாமா."

"சரி. ஏஜென்டுகள்ல ஒருத்தன் கேட்டாலும், நாளைலருந்து நீ கீள வந்து உக்காரு."

ஆடிப் பதினெட்டன்றுதான் எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர்களைச் சாமி முன்னால் வைத்துப் பூஜை போட்டு, ஏஜென்டுகளுக்குக் காட்டுவார்கள். அவர்கள் கைகாட்டுவதுதான் அந்த சீசனில் ஓடும். அன்று காலையில் ஹாலில் மனைப் பலகைகளைப் போட்டு, ஷீட்டுகளை வரிசையாக வைத்து மஞ்சள் குங்குமம் வைத்தோம். பலகையில் இடம் இருந்தது. என் சந்தைக்காரியையும் வைக்கப் போனேன்.

"சாமியோட சரிக்குச் சரியா இவள வைக்கிறதா?" என்றார் மாமியார். "கீள அங்கன வையி."

அவர் கைகாட்டிய வடக்கு மூலையில், தரையில் வைத்தேன். அது யாருடைய மூலை என்று எனக்கும் உறைக்கவில்லை.

பூஜை முடிந்தது. ஏஜென்டுகள் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மட்டும் மூலையைப் பார்த்து நின்றார். "இது யாருங்க பண்ணினது? புதுசா இருக்குதுங்களே" என்றார். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

பொரியை அடைத்துவைத்திருந்த அடுப்படிக் கதவை யாரோ திறந்திருக்க வேண்டும். குடுகுடுவென்று ஓடி வந்தது. சாமி இல்லாத ஷீட், தரையில், அதே மூலையில். மோந்து பார்த்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, சந்தைக்காரியின் தக்காளிக் கூடைக்கு மேலே நட்டநடுவில் உட்கார்ந்தது. ஒரு துளிகூட வெளியே போகவில்லை. நான் எதற்காக அத்தனை நாள் தவம் கிடந்தேனோ, அது நடந்துவிட்டது.

நான் கைதட்டினேன். ஏஜென்டுகள், மாமனார், கற்பூரத் தட்டோடு நின்ற மாமியார் எல்லோருக்கும் முன்னால், "நல்ல புள்ள! எஞ் செல்லம்! நல்ல புள்ள!" என்று துள்ளித் துள்ளிக் கைதட்டினேன்.

கோயம்புத்தூர்க்காரர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முதலில் சிரித்தது சரவணன். பிறகு எல்லோரும். மாமனார் மட்டும் சிரிக்காமல், "வாங்க, சாப்பிடுவோம்" என்று அவர்களை அழைத்துப் போனார். கீழே பிரஸ்ஸில் அதே படம் ஒரு கட்டே கிடந்தது. போய் ஒரு ஷீட்டை எடுத்து வர ஐந்து நிமிஷம் ஆகாது. யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டிருக்கலாம். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே பொரியைச் சூலக்கரையில் இருக்கும் மாமியாரின் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வீட்டில் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஜீவன் அதுதான். அதற்குக் கிடைத்த மரியாதை இது. அங்கே தோட்டம் இருந்ததால் ஒரு வாரத்தில் ஒழுங்காகிவிட்டதாம்.

அடுத்த வருஷம் சரவணன் என் சந்தைக்காரிக்குப் பின்னால் ஒரு கோபுரத்தை ஒட்டினான். சாமி வந்துவிட்டதால் அவள் பலகை ஏறினாள். ஏஜென்டுகள் போட்டி போட்டு ஆர்டர் கொடுத்தார்கள். பொங்கலுக்கு விருதுநகர் போனபோது எங்கள் வீட்டுச் சுவரிலேயே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "உங் கொழுந்தன் கெட்டிக்காரந்தான்" என்றார் அப்பா.

இன்றும் ஆடிப் பதினெட்டுப் பூஜை முடிந்ததும், "மதினி, கையத் தட்டிராதீக!" என்று சரவணன் ஆரம்பித்துவைப்பான். புதிதாக வந்த ஏஜென்டுகளுக்கு மாமியார் முழுக் கதையையும் சொல்லுவார். என் மகள்கூட நடித்துக் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும்தான் சிரிக்கிறேன், வேறென்ன செய்ய? ஆனால் என் படத்துக்கு இந்த வீட்டில் விழுந்த ஒரே கைதட்டல், அன்றைக்கு நானே நாய்க்குத் தட்டியதுதான்.