இடது பின்சக்கரம் குறித்து மைத்துனருக்கு

திண்டுக்கல்,
16.9.2007

அன்புள்ள மைத்துனர் செழியன் அவர்களுக்கு,

முத்துச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்கா அம்பிகாவும் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் சுகமாகவே இருப்பீர்கள். தூரத்தில் இருக்கிறவர்கள் எப்போதும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு வியாழக்கிழமை மதுரையில் வலக்கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டோடு எங்கள் முன்னறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல செய்தி இத்துடன் முடிந்தது.

ஜூலையில் வந்தபோது நீங்கள் கொடுத்துவிட்டுப் போன, டயரில் காற்று எவ்வளவு என்று சொல்லும் கருவியை இக்கடிதத்தோடு பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். காரணத்தை எழுதாமல் அனுப்பினால் மரியாதையாக இருக்காது. நான்கு டயர் வால்வுகளிலும் பழைய மூடியை எடுத்துவிட்டு அதன் நான்கு மூடிகளைத் திருக வேண்டும், ஸ்டீயரிங் பக்கத்தில் பெட்டியை ஒட்ட வேண்டும், எந்தச் சக்கரத்தில் காற்று குறைகிறதோ பெட்டியில் அந்தச் சக்கரத்தின் படம் சிவந்து, கீச்சென்று கத்தும். யாரையும் கூப்பிடாமல், புத்தகத்தைப் படித்து, ஒரு மணி நேரத்தில் வீட்டிலேயே நானே மாட்டினேன். இருபத்திரண்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அழுத்தம் என்றால் என்ன என்று நடத்துகிறவனுக்கு இது பெரிய காரியமில்லை. அப்படிப்பட்டவனைத் தாண்டித் தலைமையாசிரியர் நாற்காலி தாவரவியலுக்குப் போனது வேறு கதை, அதை இங்கே எழுதவில்லை. வண்டியை நான் அலட்சியமாக வைத்திருப்பதாக உங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. போன மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகூட, டயர்கள் ஒரே சீராகத் தேயட்டும் என்று, நானே ஜாக்கி வைத்து நான்கு சக்கரத்தையும் குறுக்காக இடம் மாற்றிப் போட்டேன். பின்னால் இடப்பக்கம் கிடந்தது முன்னால் வலப்பக்கம் போயிற்று, மற்றதும் அப்படியே. முதுகு மூன்று நாள் பிடித்துக்கொண்டது. அலட்சியக்காரன் இதையெல்லாம் செய்வானா என்று நீங்களே யோசியுங்கள்.

இனி விஷயம். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் உங்கள் அப்பா என் வண்டி எதிலும் ஏறியதில்லை. நான் மொபெட் வைத்திருந்தபோது கால் மரத்துப்போகும் என்றார். ஸ்கூட்டர் வாங்கினேன், சீட்டு ஈரம் என்றார், அது சித்திரை மாசம். கார் வாங்கி நாலு வருஷமாகிறது, இன்னமும் ரெட்டியார்சத்திரத்திலிருந்து டவுன் பஸ்ஸில்தான் வருகிறார், வந்து இறங்கி, என் காரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போகிறார். அந்த மனுஷர் ஆபரேஷனுக்கு மட்டும், "சரி, மாப்ளை வண்டியிலயே போவோம்" என்று வாயால் சொன்னார். நான் சீட்டுக்குப் புது உறை போட்டேன். செவ்வாய்க்கிழமை உங்கள் பெட்டி கத்த ஆரம்பித்தது. இடது பின்சக்கரம், சிவப்பு.

இறங்கிப் பார்த்தால் அந்தச் சக்கரம் நன்றாக இருக்கிறது. மிதித்துப் பார்த்தேன், பங்க்கில் காற்றுப் பிடித்தேன், மூடியில் புது பேட்டரி போட்டேன், கத்துகிறது. பஞ்சர் கடை வீரனிடம் கொண்டுபோனேன், அவன் கழற்றித் தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்தான், ஒரு கொப்புளம் வரல. "சார், டயரு கல்லு மாதிரி இருக்கு, அந்தப் பொட்டியத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும்"னான். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னா, உங்க அக்கா அரிசி களைஞ்சுக்கிட்டே, தலையைக்கூடத் தூக்காம கேக்குறா: "என் தம்பி குடுத்த மிஷினுக்கு உங்க மேல என்ன கோவம், அது எதுக்குப் பொய் சொல்லப்போகுது?" அப்ப பொய் சொல்றது யாருன்னு நான் கேக்கல. உள்ளே இருந்து உங்க அப்பா, "மாப்ளை, ஒத்தக் கண்ணு போனாலும் போகுது, உசுரு இருக்கணும்ல. நான் பஸ்ஸுலயே போய்க்கிறேன்"னு முடிச்சுட்டார்.

வியாழக்கிழமை காலையில அப்பாவும் மகளும் மதுரை பஸ் ஏறினாங்க. நான் விடல. காலிக் காரை எடுத்துக்கிட்டு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலயே போனேன். பெட்டியைத் துண்டுல சுத்தி டேஷ்போர்டு அறைக்குள்ள போட்டேன், அது வாடிப்பட்டி வரைக்கும் உள்ளேயே அனத்திக்கிட்டு வந்தது. நாலுவழிச் சாலை வேலை நடக்குதுல்ல, ரோடு கோணல், வண்டி வலப்பக்கமாவே இழுத்தது, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுப் போனேன். பஸ்ஸோட கடைசி சீட்டுல இருந்த ஒரு அம்மா, இவன் யாரு விடாம வர்றானேன்னு கொடைரோடுல இருந்து என்னையே பாத்துக்கிட்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசல்ல அவங்க ஆட்டோவுல வந்து இறங்கும்போது, எனக்கு ஒண்ணும் ஆகல, டயருக்கும் ஒண்ணும் ஆகலன்னு காரோட நின்னேன். உங்க அக்கா, "பெட்ரோலுக்குப் பிடிச்ச கேடு"ன்னுட்டு உள்ள போயிட்டா. மறுநாள் திரும்பும்போதும் பஸ்தான். கட்டுப் போட்ட கண்ணோட ஒரு மனுஷனைப் பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டு, பின்னால தனியா ஓட்டிக்கிட்டு வந்தேன் செழியன். அது ஒரு மாதிரியாத்தான் இருந்தது.

ஆகவே கருவியைப் பெற்றுக்கொள்ளவும். இனி எனக்கு எதுவும் வாங்க வேண்டாம். தைலம்கூட இங்கேயே கிடைக்கிறது. உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. எல்லாம் வல்லவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், சாமான் வாங்குவதில் நிதானத்தையும் அருள்வானாக.

இப்படிக்கு,
சு. முத்துச்சாமி, எம்.எஸ்சி., பி.எட்.

பி.கு.: 18ஆம் தேதி. நேற்று அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. இன்று காலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவர், செத்த நேரம் காரையே பார்த்துவிட்டு, "ஏன் மாப்ளை, முன்னாடி வலதுச் சக்கரம் உக்காந்துருக்கு?" என்றார். குனிந்து பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தது. வீரன் அதிலிருந்து ஒரு ஆணி எடுத்தான். வால்வு மூடியைத் துடைத்தால், பின்-இடது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சக்கரங்களை மாற்றிப் போட்ட அன்று மூடிகளும் கூடவே போய்விட்டன. அதைப் பெட்டி எப்படி அறியும்? ஆணி ஏறியதிலிருந்து அது சரியாகத்தான் கத்தியிருக்கிறது. நான்தான் வேறு சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பார்சலைப் பிரித்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டிவிட்டேன், கடிதம் மட்டும் வருகிறது. அம்பிகாவிடம் ஆணி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வீரன் போனதும், நான் கூப்பிடாமலே, உங்கள் அப்பா முன்சீட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ரெட்டியார்சத்திரம் வரைக்கும் போவோம் என்றார். பைபாஸ் தாண்டியதும், "மெதுவாப் போங்க மாப்ளை, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வரணும்" என்றார். இருபதில்தான் ஓட்டினேன். டவுன் பஸ் இரண்டு எங்களைத் தாண்டிப் போயின.