தங்கக்கூரையும் எங்கள் வீட்டு ஒழுகலும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் ஒழுகுவதை யாரும் நிறுத்தக் கூடாது என்று நான் முடிவெடுத்த நாள், என் வாழ்க்கையின் பொன்னான நாள். அவசரப்பட்டு என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலையை என் மனைவி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது அரசாங்கக் குடியிருப்பு. கட்டியது என்னவோ அரசாங்கம்தான். நிற்பது கட்டடத்தின் சொந்தப் பிடிவாதத்தில். இப்படிப்பட்ட வீடுகளையெல்லாம் சீர்படுத்தப் புதிதாக ஒரு தலைமை அதிகாரியை நியமித்தார்கள். அதோடு விட்டிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்கு என்ன சம்பளம் என்பதையும் பேப்பரில் போட்டுவிட்டார்கள். எங்கள் ப்ளாக்கில் உள்ள அத்தனை பேர் சம்பளத்தையும் ஒன்றாகக் கொட்டினாலும் அவருடைய சம்பளத்துக்கு உறைபோடக் காணாது.

ஊர் கொதித்தது. முடிவெட்டுகிறவர் என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு, "இவ்ளோ சம்பளம் நியாயமா? நீங்களே சொல்லுங்க" என்றார். அந்த நிலையில் எவன் நியாயம் என்று சொல்வான்? டீக்கடையில் டீ ஆறியது, பேச்சு ஆறவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அந்த அதிகாரிக்குத் 'தங்கக்கூரை' என்று பேர் வைத்தான். மறுநாளிலிருந்து அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ப்ளாக் சங்கத்தின் செயலாளர் அடியேன்தான். பிழைப்புக்கு பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பஸ்களை நேரத்துக்கு அனுப்புவது என் வேலை. போகாத பஸ் ஏன் போகவில்லை என்று ஜனங்களிடம் விளக்குவதுதான் அதில் பெரும்பகுதி. ஆகவே பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிவியிலிருந்து ஒரு பெண் வந்து மைக்கை நீட்டியதும் வெளுத்துக் கட்டினேன்.

"வீடுகளைப் பாத்துக்கறதுக்கு இவ்ளோ சம்பளமா? என்னைக் கூப்பிடுங்க. சல்லிக்காசு வாங்காம நான் செய்யறேன்!"

டிவியில் அது வந்தபோது ப்ளாக்கே கைதட்டியது. என் மனைவி மட்டும் தட்டவில்லை. அவளுக்குக் கை ஒழியவில்லை. ஒன்றில் கரண்டி, இன்னொன்றில் குடை.

அந்தக் குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மேல் வீட்டில் இருப்பவர் கண்டக்டர், எங்கள் டிப்போக்காரர். அவருடைய பாத்ரூம் தண்ணீர் சரியாக எங்கள் அடுப்புக்கு மேலே சொட்டும். எத்தனையோ மனு போட்டும் பலனில்லை. குடை பிடித்துக்கொண்டு சமைக்க என் மனைவி தானாகவே பழகிக்கொண்டாள்.

"டிவில நல்லாத்தான் பேசினீங்க" என்றாள். "அப்படியே ஒரு பிளம்பர்கிட்டயும் பேசிடுங்களேன்."

"பிளம்பரா? இந்த ஒழுகல்தாண்டி நம்ம ஆயுதம்."

"ஆயுதம் வாணலில விழுதுங்க."

"விழட்டும். தங்கக்கூரை ராஜினாமா பண்ற வரைக்கும் ஒரு சொட்டு குறையக் கூடாது."

"அவர் பண்றதுக்குள்ள நான் பண்ணிடுவேன்."

நல்ல ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு எங்கள் ஒழுகலைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் அவர்களை வரிசையில் நிற்கவைத்து விளக்கம் சொன்னேன். பக்கத்து ப்ளாக்காரர் ஒருவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும்தான் ஒழுகுது, ஆனா இந்தக் களை இல்லை சார்" என்று பெருமூச்சு விட்டார். வந்தவர்களுக்கெல்லாம் என் மனைவி குடைக்கடியில் நின்று டீ போட்டாள். எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள்.

கடைசியில் தங்கக்கூரையே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. கூடவே டிவிக்காரர்களும். என் கால் தரையில் படவில்லை. நாடு பார்க்க அந்த மனிதருக்குத் தண்ணி காட்டப்போகிறேன் என்று ப்ளாக் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மைக் செட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லி மனைவியிடம் பணமும் கொடுத்தேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம் டிப்போவிலிருந்து வருகிறேன், சமையலறையில் என் மனைவி குடை இல்லாமல் நிற்கிறாள்.

"குடை எங்கடி?"

"ஆணில மாட்டியிருக்கேன்."

"ஏன்?"

"ஒழுகலையே. வெயில் ஜாஸ்தி இல்ல, காஞ்சிருக்கும்."

"வெயிலுக்கும் பாத்ரூமுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் என்ன சங்கத்துச் செயலாளரா?"

ஒரு நாற்காலியைப் போட்டு ஏறித் தடவிப் பார்த்தேன். பச்சைத் துரோகம். துளி ஈரம் இல்லை. ஊரையே கூட்டிவைத்துவிட்டு, காய்ந்துபோன கூரையைக் காட்டினால் என் மானம் என்னாகும்? விழுந்தடித்துக்கொண்டு மேல் வீட்டுக்கு ஓடினேன்.

"தம்பி, நாளைக்கு நீதான் என்னைக் காப்பாத்தணும்" என்றேன் கண்டக்டரிடம். "அதிகாரி வந்து நிக்கறப்ப நீ பாத்ரூம்ல தண்ணியைக் கொட்டு. ஒரு பக்கெட் போதும், கீழ இறங்கிடும்."

"எப்பக் கொட்டணும்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"ஜன்னலைத் திறந்து வை. நான் இருமறேன்."

"விசில் கணக்குதானே? ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா போலாம்?"

"அதேதான்." பஸ்காரனுக்குப் பஸ்காரன் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

மறுநாள் சமையலறை முழுக்க ஜனம். மைக் செட் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "உங்க தொண்டைக்கு மைக் எதுக்குங்க" என்றாள் என் மனைவி. அவ்வளவு பதற்றத்திலும் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. தங்கக்கூரை வந்தார். ஒல்லியான மனிதர். வாங்குகிற சம்பளம் உடம்பில் எங்கேயும் ஒட்டவில்லை. கேமராவைப் பார்த்தபடி நான் முழங்கினேன்.

"அய்யா, உங்கள் சம்பளம் மேலே ஏறுகிறது, எங்கள் அடுப்பில் தண்ணீர் கீழே இறங்குகிறது. இதோ பாருங்கள்!"

க்ஹும், க்ஹும்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஏதோ சளசளவென்று கேட்டது. கீழே ஒன்றும் வரவில்லை.

"இதோ, இப்போது பாருங்கள்." க்ஹும், க்ஹும்.

"என்னங்க, வெந்நீர் தரட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம்." க்ஹும், க்ஹும்.

"டாக்டரைப் பாத்தீங்களா?" என்றார் தங்கக்கூரை, நிஜமான கவலையோடு.

அடுத்து நடந்ததுதான் விபரீதம். இருமி இருமி எனக்கு உண்மையாகவே இருமல் பிடித்துக்கொண்டது. நிறுத்தலாம் என்றாலும் நிற்கவில்லை. நான் நிறுத்தினால்தானே மேலே இருப்பவன் நிறுத்துவான்? கண்ணில் நீர் வந்தது. வீட்டில் ஒழுகியது அது ஒன்றுதான்.

அப்போது வாசலில் கண்டக்டர் வந்து நின்றார். முழங்கால் வரை சொட்டச் சொட்ட ஈரம், கையில் பக்கெட். கேமராவையும் கவனிக்கவில்லை, அதிகாரியையும் கவனிக்கவில்லை.

"அண்ணே, நீங்க இருமின இருமலுக்கு டாங்க்கே காலி. கீழ ஒரு சொட்டாவது இறங்குச்சா இல்லையா?"

கேமரா மெதுவாக என் பக்கம் திரும்பியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். நாங்கள் இருப்பதோ மாடி. பிளந்தாலும் கீழ்வீட்டு ஹாலில்தான் போய் விழுவேன்.

என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒரு சொட்டு இறங்கலை தம்பி" என்றாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "அய்யா, இதை ரிப்பேர் பண்ணினது இவர்தான். சல்லிக்காசு வாங்காம செய்யறேன்னு டிவில சொன்னாரே, நீங்களும் பாத்திருப்பீங்க. சொன்னா செஞ்சிடுவார். வேலை நிக்குதான்னு சோதிச்சுப் பாக்கத்தான் மேல தண்ணி ஊத்தச் சொல்லியிருந்தார். தானா வெளிய சொல்லிக்க மாட்டார். கூச்ச சுபாவம்."

கைதட்டலில் பாத்திரங்கள் அதிர்ந்தன. இல்லை என்று சொன்னால் நான் ஊரை ஏமாற்றியவன். ஆமாம் என்று சொன்னால் மகாத்மா. யோசிக்க என்ன இருக்கிறது? நான் கூச்சப்பட்டேன்.

என்னைத் தோளில் தூக்கினார்கள். வாசற்படி தலையில் இடித்தது, அதுகூட இனித்தது. தங்கக்கூரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"டாங்க் காலியாகற அளவுக்குக் கொட்டியும் ஒழுகலைன்னா, இதுதாங்க வேலை. டிவில சொன்ன மாதிரியே இந்த ப்ளாக் முழுசையும் நீங்களே பாத்துக்கறீங்களா?"

தோள் மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாமே சுலபமாகத் தெரியும். "பாத்துக்கறேன்" என்று கேமராவுக்குச் சொன்னேன். மறுபடியும் கைதட்டல்.

"வேலை இவருக்குத் தெரியுங்க" என்றாள் மனைவி. "வேலை வாங்கத்தான் ஒரு ஆள் வேணும்."

தங்கக்கூரை, பதற்றத்தில் நான் கவனிக்காமல் விட்ட, கூரையில் புதிதாகப் பூசியிருந்த சிமெண்டைப் பார்த்தார். என்னுடைய வழவழப்பான கையைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்துச் சிரித்தார். வாங்குகிற சம்பளத்துக்கு அந்த மனிதருக்குக் கொஞ்சம் மூளையும் இருக்கத்தான் செய்தது.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். "யாருடி ரிப்பேர் பண்ணினது?"

"மைக் செட்டுக்குக் குடுத்தீங்களே, அந்தப் பணம்தான். பிளம்பரா வந்து வேலை பண்ணிட்டுப் போச்சு. நீங்க டிப்போல இருந்தப்ப கண்டக்டர் சம்சாரம் கதவைத் திறந்துவிட்டா."

"தண்ணி கொட்டற விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வீட்ல ஒரு பக்கெட்தான் இருக்காம். நம்மளுதைக் கடன் கேட்டு வந்தா. நல்லதா பாத்துக் குடுத்தனுப்பினேன்."

ஆத்திரம் வரவேண்டிய இடம். வரவில்லை. அத்தனை பேர் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியவளிடம் எப்படி வரும்? அவள் மேல் எனக்கு இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், பெருமைதான். அது அவளுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் இருந்தது.

ஆமாம், அவள் சொன்னபடியே ராஜினாமா பண்ணிவிட்டாள், அடுப்படியிலிருந்து. ப்ளாக்குக்கு ஒரு பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று தங்கக்கூரை புதிதாகப் பதவிகள் போட்டார். எங்கள் ப்ளாக்கில் அது என் மனைவிக்கு. நல்ல சம்பளம், என்னுடையதைவிட நல்ல சம்பளம். மேற்பார்க்கப்படுகிறவன் நான். எனக்குச் சல்லிக்காசு கிடையாது. அதை நாடே டிவியில் பார்த்திருக்கிறது. டிப்போவுக்குப் போகுமுன் இரண்டு வீட்டுக் குழாய், வந்த பிறகு யாராவது வீட்டுச் சாக்கடை, நடுவில் எங்கள் வீட்டுச் சமையல். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே ஒழுகுகிறது என்று அதே குடையால் சுட்டிக்காட்டுகிறாள். ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ப்ளாக்கில் ஒரு வீட்டிலும் ஒழுகுவதில்லை. பக்கத்து ப்ளாக்காரர் வந்து பொறாமைப்பட்டுவிட்டுப் போகிறார்.

ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? போன வாரம் முடிவெட்டுகிறவர் என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒரு ப்ளாக்கை மேற்பார்வை பாக்கறதுக்கு இவ்ளோ சம்பளமா? நியாயமா? நீங்களே சொல்லுங்க."

"ரொம்ப நியாயம்" என்றேன். "வேலை வாங்கறதுன்னா லேசா? இன்னும் கூடவே குடுக்கலாம்."

கத்தி தொண்டையில்தான் இருந்தது. ஆனால் கண்ணாடியில், எனக்குப் பின்னால் வாசலில், குடையும் கையுமாக என் மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார்.